மலைக்கிராம மாடுகளுக்குச் சினை ஊசி: சிக்கல் எங்கே இருக்கு?

உத்தராகண்ட் மலைக்கிராமத்தில் ஒரு பசு பருவத்துக்கு வந்தால், அந்தப் பருவம் நீடிப்பது சுமார் 12 முதல் 18 மணி நேரம்தான். காலையில் கத்தினால் சாயங்காலத்துக்குள் சினை ஊசி போட்டாகணும். விட்டால் அடுத்த வாய்ப்பு சுமார் 21 நாள் கழித்துத்தான். அதுவரை தீவனச் செலவு மட்டும் ஓடும்.

என்ன சிக்கல்?
உறைவிந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கணும். அது தினமும் ஆவியாகிக் குறையும். மண்சரிவில் ரோடு அடைபட்டால் கேனை நிரப்ப முடியாது. கேன் காய்ந்தால் உள்ளே இருக்கும் விந்து மொத்தமும் வீண்.

என்ன வழி?
2019 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய செயற்கை கருவூட்டல் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டு வாசலிலேயே இலவச ஊசி. 'மைத்ரி' என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்களுக்கும் பயிற்சி தர்றாங்க. மலைக்கு இதுதான் முக்கியம். டாக்டர் ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து ஊர்க்காரரே வந்துடுவார்.

எந்தக் காளை?
இங்குள்ள பத்ரி மாடு சின்ன உடம்புக்காரி. பெரிய இனக் காளையின் விந்தைப் போட்டால் கன்று பெரிதாகி, ஈனும்போது தாய்க்கே ஆபத்தாகலாம்.

எத்தனை ஊசி போட்டாங்க என்பதைவிட, எத்தனை கன்று பிறந்து சரிவில் ஏறி மேயுது என்பதைத்தான் பார்க்கணும்.