பாவுக்கு ஒரு பங்கு

கண்ணமங்கலம் பக்கத்தில் கொடுக்கிற மனசுக்குப் பஞ்சமில்லை. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியில் மோரும் கூழும் கிடைக்கும். தலைவர் பிறந்தநாள் என்றால் ரத்ததான முகாம், சொந்தப் பிறந்தநாள் என்றால் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. என் கவலை அதற்கு மறுநாளைப் பற்றியது. ஒரே நாளில் மூன்று பேர் சாப்பாடு கொண்டுவரும் இல்லத்தில், அடுத்த வாரம் முழுக்க யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, இல்லாவிட்டால் வேலூர் சி.எம்.சி. முகாமில் ஒரே நாளில் நூறு பேர் கை நீட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்களைப் பதப்படுத்தி வைத்தாலும் 42 நாளுக்கு மேல் வைக்க முடியாது. முகாம் முடிந்த பத்தாம் நாள் டெங்குவில் தட்டணுக்கள் சரிந்து கிடக்கும் பிள்ளைக்கு, போன வாரத்து முகாம் உதவாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். 18 வயது முடிந்து, 45 கிலோ எடையும் போதிய ஹீமோகுளோபினும் இருந்தால் போதும். யார் என்ன பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார், இனி எப்போது கொடுக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுக்கும் இளைஞர் குழுவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்களுக்குப் போஸ்டர் இருக்காது. போன் ரீசார்ஜுக்கும் பெட்ரோலுக்கும் சொந்தக் காசுதான்.

நாகநதியின் கதையும் இதுதான். ஜவ்வாது மலையில் அமிர்தி காட்டுப் பக்கம் பிறந்து நம் ஊர் வழியே போகும் ஆறு, பல வருஷம் வெறும் மணலாகக் கிடந்தது. வாழும் கலை அமைப்பின் தொண்டர்கள் திட்டம் போட்டுக் கொடுக்க, நூறு நாள் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஓடைகளில் கல் தடுப்புகள் அடுக்கினார்கள், நீர்செறிவுக் கிணறுகள் தோண்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த ஆற்றைச் சொன்னார். ஊருக்கே பெருமையாக இருந்தது. ஆனால் கிணற்றில் வண்டல் சேருவது எந்த உரையைக் கேட்டும் நிற்காது. மழைக்கு முன்னால் யாராவது இறங்கித் தூர்வார வேண்டும், சரிந்த கல்லை எடுத்து வைக்க வேண்டும். அடுத்த வருஷமும் அதே வேலை.

சின்னச் சங்கங்கள் பெரும்பாலும் தள்ளாடுவதும் இப்படி வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலையில்தான். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடலாம். பிறகு வருஷா வருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும், அறை வாடகை, கரண்ட் பில் கட்ட வேண்டும். மின்விசிறி வாங்கித் தர ஆள் வருவார்கள், அதன் இறக்கையில் பேர் எழுதலாம். அது சுற்றுவதற்கு ஆகும் கரண்டுக்குக் கொடுக்க ஆள் வருவதில்லை. கரண்டுக்குக் கொடுப்பவரைத்தான் நான் முதல் வரிசையில் உட்கார வைப்பேன்.

"அப்படியானால் மாதச் சந்தா போடுங்கள்" என்று பட்டணத்தில் சொல்வார்கள். சம்பளக்காரர்களுக்கு அது சரி. ஒண்ணுபுரம் பக்கம் ஒரு நெசவாளப் பெரியவர், வாசகசாலைக்குச் சந்தா கேட்டு வந்த பிள்ளைகளிடம் சொன்னார்: "மாசாமாசம் கேட்டா எங்கப்பா போவேன்? சேலையைக் கொடுத்துட்டு கூலி வாங்குற அன்னிக்கு வாங்க, இல்லேங்காம தரேன்." எவ்வளவு சரியான பேச்சு! தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவு ஒன்றில் இரண்டு மூன்று சேலை வரும். சேலை முடிந்தால்தான் கூலி. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் வேலையே நின்றுபோகும். அந்த வீட்டில் போய் ஐந்தாம் தேதி ரசீதுப் புத்தகத்தை நீட்டுவது கொடுமை. அதைவிட, பாவு முடிகிற அன்றைக்கு ஐம்பது ரூபாய் என்று வைத்தால் அவர் மறக்கவே மாட்டார். விவசாயிக்கு அறுவடை, கடைக்காரருக்குச் சந்தை நாள், வாத்தியாருக்கு முதல் தேதி. வாங்குகிறவர்களின் நோட்டு கொடுக்கிறவர்களின் வரவை அறிந்திருக்க வேண்டும்.

கொடுக்கிறவரின் வரவுக்கும் வழக்கத்துக்கும் ஏற்றபடி வாங்குவது புதிதுமல்ல. விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைத்தால் அடுப்படிக்கு அது பாரமில்லை, பள்ளிக்கோ அது வருமானம். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். பின்னாளில் அவர் முதல்வராக இருந்து மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், ஊர்மக்களின் பங்கும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது.

கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ரசீது கேளுங்கள், ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். நேர்மையான சங்கம் அதற்கு முகம் சுளிக்காது. நோட்டை எடுத்து நீட்டும். பணம் இல்லாதவர்கள் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய் உட்காரலாம். சங்கத்து வரவு செலவை எழுதித் தரத் தெரிந்த ஒரு பி.காம். பட்டதாரி மாதம் இரண்டு மணி நேரம் தந்தால் ஆடிட்டர் செலவில் பாதி மிச்சம்.

ஐப்பசி வருகிறது. தறிக்குழியில் தண்ணீர் ஏறும் வீடுகள் எவை என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு இருபது நாள் அரிசி பருப்புக்கான பணத்தை இப்போதே சேர்க்கத் தொடங்கினால், மழைக்குப் பிறகு யாரும் உண்டியலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதில்லை.