'நில்' எழுதும் முன்...

பேங்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாதக் கடைசியில் மேலிடத்துக்கு அனுப்புகிற ஸ்டேட்மெண்டுகளில் பாதி 'நில்'தான். லெட்ஜரைப் புரட்டிப் பார்த்து நில் எழுதுவது ஒரு ரகம். போன மாதக் காப்பியைப் பார்த்து நில் எழுதுவது இன்னொரு ரகம். பேப்பரில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். (அடியேனும் ஆரம்ப காலத்தில் இரண்டாவது ரகம்தான்!)

இது இப்போது எதற்கு என்கிறீர்களா? இங்கே செம்பூரில் எதிர் பிளாட்காரர் போன வாரம் ஒரே புலம்பல். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த பையன் பிஎச்.டி. சேரப் போகிறானாம். "லித்தியத்துல நியூட்ரான் மோதினா என்ன ஆகும்னு அஞ்சு வருஷம் அளக்கப் போறானாம் சார். யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நான் பி.காம். ஆனாலும் எங்கோ படித்த கதை ஒன்று ஞாபகம் வந்தது. சொன்னேன்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா 'காஸில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. எதிர்பார்த்தது 6 மெகாடன். வெடித்ததோ 15!

குண்டுக்குள் இருந்த லித்தியத்தில் சுமார் 40 சதவீதம் லித்தியம்-6. நியூட்ரான் பட்டால் ட்ரிடியம் தரும் என்று கணக்கில் எடுத்தது இதை மட்டும்தான். மிச்சம் லித்தியம்-7. அதன் பங்கு 'நில்' என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வேகமான நியூட்ரான் மோதினால் அதுவும் உடைந்து ஹீலியமும் ட்ரிடியமும் தரும். போதாததற்கு ஒரு நியூட்ரானையும் திருப்பித் தரும். முன்னால் செய்த அளவீடுகளில் இந்த வினை சிக்கவில்லை.

விளைவு? ரோங்கெலாப் தீவு மக்கள் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் 23 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா அந்த செப்டம்பரிலேயே இறந்தார். காற்றின் திசையும் ஒரு காரணம்தான். ஆனால் வெடிப்பு இரண்டரை மடங்கானதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாதே! அடுத்த மாதமே நம் நேரு, இந்தச் சோதனைகளை நிறுத்தி வையுங்கள் என்று உலகத்தைக் கேட்டார்.

குண்டுக்கு மட்டும்தான் இந்த அளவீடு என்று நினைக்க வேண்டாம். நாளைய இணைவு உலைகள் தங்களுக்கு வேண்டிய ட்ரிடியத்தை லித்தியத்திலிருந்து தாங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும். வரவு செலவைவிடக் கொஞ்சமாவது கூட இருந்தால்தான் உலை ஓடும். அந்த ஐந்தொகையில் ஒவ்வொரு எண்ணும் இப்படி ஒரு பையன் உட்கார்ந்து அளந்ததாகத்தான் இருக்க முடியும்.

ஊரை விட்டு வந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நமக்கு, சம்பளம் சீக்கிரம் வரும் வேலைதான் வேலை. தப்பில்லை. ஆனால் அளக்கிற வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். அளந்து கண்ட பூஜ்யம் வேறு, அளக்காத பூஜ்யம் வேறு.

நண்பர் "யோசிக்கிறேன்" என்றார். நில், கவனி, அப்புறம் எழுது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி?