முதலில் பட்டியல்

கல்வியின் முதற்படி வாசிப்பு என்பர். அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. நம்மிடம் உள்ளவை எவை என அறிதலே அது.

புத்தளக் கரையில் வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடி வெளியூர் செல்லவேண்டியதில்லை. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி, இப்பகுதியின் மணியகாரராக இருந்த காலத்தில், 1834இல், 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்களையும் துறைமுகங்களையும் ஆறுகளையும் நெடுங்கணக்கு வரிசையில் நிரைப்படுத்திய நூல் அது. 1859இல் வெளிவந்த அவரது 'தமிழ் புளூராக்' தமிழ்ப் புலவர்களை வரிசைப்படுத்திற்று. பட்டியல் செய்வது புலமைக்கு இழுக்கன்று, அடித்தளம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்றோ பாடசாலை மலர்களும் வினாத்தாள்களும் பழைய காணி உறுதிகளின் படங்களும் கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆயினும் மாணாக்கருக்கு நாம் பெரும்பாலும் கற்பிப்பது, திரையிலுள்ள சின்னங்களைத் தட்டுவதையே. 'உன்னுள் என்ன இருக்கிறது?' என்று கணினியைக் கேட்கும் முறையைக் கற்பிக்கின்றோமா? இது சிறு குறை அன்று என்பதே என் கருத்து.

கேட்கும் முறை எளிது. லினக்ஸ், மாக் கணினிகளில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல், எஸ் என்னும் இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டி, எண்டர் விசையை அழுத்தினாற் போதும். நாம் நிற்கும் கோப்புறையிலுள்ள கோப்புகளும் உட்கோப்புறைகளும் பெயர் வரிசையில் வந்து நிற்கும். பட்டியல் எனப் பொருள்படும் 'லிஸ்ட்' என்னும் சொல்லின் குறுக்கமே அது. பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய யுனிக்ஸ் முறைமையின் முதற் கைந்நூல் 1971 நவம்பரில் வெளிவந்தபோதே இக்கட்டளை அதில் இருந்தது. விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் இப்பணிக்கு டி, ஐ, ஆர் என்னும் மூன்றெழுத்துகள் உள.

எல், எஸ் என்பதன்பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடிட்டு, மற்றோர் எல் சேர்த்தால், கோப்பின் உரிமையாளர், அளவு, கடைசியாக மாற்றிய நாள் யாவும் தோன்றும். அந்த எல்லுக்குப் பதிலாக ஏ என்னும் சிற்றெழுத்தை இட்டால், பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும் கோப்புகளும் வெளிப்படும். ஆர் என்னும் பேரெழுத்தை இட்டாலோ, உட்கோப்புறைகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக விரியும்.

சின்னங்கள் இருக்க இக்கட்டளை எதற்கு என்று சிலர் வினவலாம். சின்னம் காட்டுவதைக் கண் கண்டு மறந்துவிடும். கட்டளை தரும் பட்டியலையோ, அதன் இறுதியில் 'பெரிது' என்னும் கணிதக் குறியிட்டு ஒரு கோப்புப் பெயரை எழுதுவதனால், அப்படியே சேமித்துவிடலாம். அச்சிட்டு அலுமாரியில் வைக்கலாம்.

அதன் அருமையை இம்மாவட்டம் நன்கு அறியும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் இங்கே வந்து சேர்ந்தனர். கையில் எடுத்துவர இயன்றது சிறிதே. விட்டுவந்தவை எவை என்பதற்குப் பலருக்கு நினைவே சாட்சி. இழந்ததை மீட்பது பின்னைய காரியம்; இழந்தது இன்னதென்று சொல்லவே ஒரு பட்டியல் வேண்டும். கணினியிலுள்ள ஆவணமும் அழியக்கூடியதே. தட்டு பழுதானால், உள்ளே இருந்தது எது என்று எவரைக் கேட்பது?

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தவணைக்கு ஒருமுறை மாணவரைக் கொண்டே பாடசாலைக் கணினியின் பட்டியலை எடுப்பியுங்கள். சென்ற தவணைப் பட்டியலோடு ஒப்பிடச் செய்யுங்கள். கூடியதும் குறைந்ததும் தெரியவரும். காசிச்செட்டி பிறந்த கரையில் பட்டியலிடத் தெரியாத தலைமுறை ஒன்று வளர்வது நமக்குப் பெருமையாகாது.