தொண்டா, வெட்டி ஊழியமா?

நர்ஸ் படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவும் பெற்று, முதல் உத்தியோகத்தைத் தேடிப் புறப்படும் யுவதியை ஆஸ்பத்திரி வாசலில் எதிர்கொள்ளும் முதற் கேள்வி, "அனுபவம் உண்டா?" என்பதே. அனுபவமில்லாதவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு அனுபவம் ஏது? இச்சிக்கலுக்குப் பரிகாரமாக, "சில மாதம் சம்பளமின்றித் தொண்டு செய், பிறகு பார்க்கலாம்" என்று அவளுக்குப் புத்திமதி கூறப்படுகிறது. இப்புத்திமதியைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

தொண்டை நாம் இகழவில்லை. கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-ஆம் வருஷம் சிறு அளவில் தொடங்கிய வலி நிவாரண சிகிச்சை இயக்கம், சாதாரண ஜனங்களின் தொண்டினாலேயே ஊர் ஊராகப் பரவியது. அத்தகைய இடத்தில் வாரத்தில் ஓரிரு நாள் உழைக்கும் புதிய நர்ஸ், படுக்கைப் புண்ணுக்கு மருந்திடுவதையும், துயருற்ற குடும்பத்தாரிடம் பேசும் முறையையும் கற்கிறாள். கற்ற தொழில் கைவிட்டுப் போகாமலிருக்கிறது; அவளது திறமையை நேரில் கண்டு சொல்லக்கூடிய பெரியோரும் கிடைக்கின்றனர். இது மெய்யான தொண்டு, போற்றத்தக்கது.

ஆனால், நோயாளியிடம் கட்டணம் பெறும் ஆஸ்பத்திரி, அவளை இரவுமுறையில் நிறுத்தி, வார்டு முழுவதையும் அவள் தலையில் சுமத்தி, மாத முடிவில் வெறுங்கையுடன் அனுப்புமாயின் அதற்குத் தொண்டு என்று பெயரில்லை. நம் முன்னோர் அதை வெட்டி ஊழியம் என்றனர். அவள் உழைப்பினால் பயனடைவது ஏழை நோயாளியல்ல. முதலாளியின் கணக்குப் புத்தகமே. பிழை நேர்ந்தாலோ, சம்பளம் வாங்காதவள் என்பதற்காக அவளது பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் சம்பளமின்றியே தொடங்கினார் என்று சிலர் வாதிக்கலாம். உண்மைதான். 1853-இல் லண்டன் ஹார்லி வீதியில் அவர் வகித்த முதற் பதவிக்குச் சம்பளமில்லை. ஆனால் அவருடைய தகப்பனார் வருஷத்திற்கு 500 பவுன் அளித்து வந்தார்! 1860-இல் அவர் பெயரால் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பள்ளி தொடங்கியபோது, பயிற்சி பெறும் மாணவியருக்குக்கூட உணவும் உறைவிடமும் வருஷத்திற்கு 10 பவுனும் தரப்பட்டன. படிப்புக்காகக் கடன்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு 500 பவுன் தரும் தகப்பனார் எங்கே?

நீதி எதுவென்பது சர்க்காருக்குத் தெரியாததன்று. சுப்ரீம் கோர்ட்டு 2016-ஆம் வருஷம் ஜனவரியில் இட்ட உத்தரவின்படி மத்திய சர்க்கார் அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாதென்று சிபார்சு செய்தது. கேரள சர்க்கார் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக விதித்தது. சிபார்சு வெறும் காகிதமாகக் கிடப்பதும் சட்டமாவதும் அந்தந்த ராஜ்ய சர்க்காரின் மனவுறுதியைப் பொறுத்ததே.

வேலை தேடும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் நாம் கூறுவது இது: தொண்டு செய்யுங்கள், ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டபின் செய்யுங்கள். இந்த ஸ்தாபனம் தருமத்திற்காக நடப்பதா, லாபத்திற்காகவா? சம்பளம் பெறும் ஒரு நர்ஸின் இடத்தை நிரப்பவா நம்மை அழைக்கிறார்கள்? எத்தனை நாள், எத்தனை மணி, முடிவில் என்ன சான்றிதழ் என்பதை எழுத்தில் தருவார்களா? விடை திருப்தியளிக்காவிடில், தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையில்லாதவள் தனித்து நின்று முதலாளியிடம் நியாயம் பேச முடியாது. அவளுக்காகப் பேச வேண்டியவர்கள் நாமே. லாபத்திற்கு நடக்கும் ஆஸ்பத்திரிகளில் பதிவு பெற்ற நர்ஸைச் சம்பளமின்றி வேலை வாங்குவது சட்டவிரோதம் என்று ஆகும்வரை ஓயலாகாது. நோயுற்றவர்களைக் காக்கும் கைகளைப் பட்டினி போடும் தேசம் ஆரோக்கியமடையாது.