வெள்ளிய உருக்காதீங்க, ஏலத்துக்கு விடுங்க

பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ்... தாத்தா பாட்டி காலத்து வெள்ளிச் சாமான் இன்னும் நம்ம சித்தியவான் வீடுகள்ல அலமாரிக்குள்ள கிடக்கு. அதை வித்துப் பிள்ளைங்க படிப்புக்குக் கொடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: நகைக்கடையில எடைக்குப் போட்டுடாதீங்க. கடைக்காரர் வெள்ளிக்குத்தான் காசு கொடுப்பார். வேலைப்பாடு உருகிப் போயிடும்.

ஏலம்னாலே நமக்கு பேங்க்காரன் வீட்ட லெலோங் போடுறதுதான் ஞாபகம் வரும். அதனாலதான் வெட்கப்படுறோம். ஆனா திருவிழாவுல அம்மன் சேலைய ஏலம் எடுக்கும்போது யாராவது கடை விலை பார்க்கிறோமா? காந்தி 1933-34ல ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராப் போனப்போ, தனக்கு அன்பளிப்பா வந்த வெள்ளிப் பொருள்களக் கூட்டத்துலயே ஏலம் விட்டார். அதுல என்ன மானக்கேடு?

கணக்கு சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, தரம் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்க. 925 முத்திரை இருந்தா ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி. அன்றைய வெள்ளி விலைக்குக் கீழ ஏலம் தொடங்கக் கூடாது. ஏற்பாடு செய்யுற கமிட்டிக்காரங்க ஏலம் கேட்கக் கூடாது. பணம் எந்தப் பிள்ளைங்க படிப்புக்குன்னு முதல்லயே சொல்லிடணும். ரசீதும் வரவு செலவும் அறிவிப்புப் பலகையில வரணும்.

சாமிக்குச் சாத்தின வெள்ளிய மட்டும் தொடக்கூடாது. அது நம்ம சொத்து இல்ல.

கொடுக்கிற மனசு நம்ம ஜனங்ககிட்ட நிறைய இருக்கு. கொடுத்தது எங்க போச்சுன்னு தெரிஞ்சா இன்னும் கொடுப்பாங்க.