கவர்னரைச் சிறை வைத்த தஞ்சை நெல்!

மேட்டூரில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12ந் தேதி தஞ்சைச் சீமைக்கு ஒரு திருநாள். அன்று அணையைத் திறந்தால் சில நாட்களில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். குறுவைக்கு நாற்று விடுவார்கள். கடைத்தெருவில் உரம் நகரும். கைமாற்றுக் கடனும் நகரும்.

மேட்டூரில் தேங்கும் அந்தத் தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு. "ஸ்டான்லி நீர்த்தேக்கம்" என்பது அந்தப் பெயர். யார் இந்த ஸ்டான்லி? என்ஜினீயரா? இல்லை. 1929 முதல் 1934 வரை சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லி துரை. அவர் காலத்தில், 1934 ஆகஸ்டில், அணை திறக்கப்பட்டது. கல் சுமந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கவர்னர் பெயர் தண்ணீரில் நின்றுவிட்டது!

கல்லணையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். கடைமடைப் பக்கத்து விவசாயி. தண்ணீர் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துப் போக வந்தவர்.

அவர் சிரித்தார். "தம்பி, கவர்னருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அவர் கிண்டியில் இருக்கிறார். நமக்கு லஸ்கர் ஷட்டரைத் தூக்கினால் போதும்" என்றார்.

நியாயமான பேச்சுத்தான். ஆட்டுக்குத் தாடியையும் நாட்டுக்குக் கவர்னரையும் ஒன்றாகச் சேர்த்து அண்ணா கேலி செய்த நாடு இது. ஆனால் தஞ்சைக்காரர்கள் மட்டும் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியாது. ஏனென்றால், ஒரு கவர்னர் சிறைப்பட்டுச் செத்ததே தஞ்சாவூர் நெல்லுக்காகத்தான்! ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைய கவர்னர் சண்டையும் தெளிவாக விளங்கும்.

வயலில் நின்ற பயிருக்கு அடமானம்!

அப்போது தஞ்சையை ஆண்டவர் மராத்திய மன்னர் துளஜாஜி. அவர் நாட்டின் மீது ஆற்காடு நவாப் முகமது அலிக்கு நெடுநாளாக ஒரு கண். நவாப் கடனில் மூழ்கியவர். கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள். அவர்களிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களும் உண்டு. கடனை அடைக்க நவாபுக்கு ஒரே வழி தஞ்சாவூர். காவிரி பாயும் நாடு அல்லவா?

1773ல் கம்பெனிப் பட்டாளத்தின் துணையோடு நவாப் தஞ்சையைப் பிடித்தார். மன்னர் சிறைப்பட்டார். சுமார் மூன்று ஆண்டுகள் தஞ்சை நவாப் கையில் இருந்தது.

லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. தஞ்சையைத் திரும்ப மன்னரிடமே ஒப்படைக்கும்படி கட்டளையிட்டு ஒருவரைக் கவர்னராக அனுப்பினார்கள். அவர்தான் பிகட் பிரபு. சென்னைக்குப் புதியவர் அல்ல. 1755 முதல் 1763 வரை இங்கே கவர்னராக இருந்தவர். 1775 டிசம்பரில் மறுபடியும் வந்து இறங்கினார்.

1776 ஏப்ரலில் பிகட் தாமே தஞ்சாவூருக்குப் போனார். துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் பால் பென்பீல்டு என்பவர் கணக்கை எடுத்து நீட்டினார். இவர் கம்பெனியில் சொற்பச் சம்பளம் வாங்கியவர். ஆனாலும், தஞ்சை வரும்படியின் மீது நவாப் தமக்கு 1,62,000 பவுன் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். தஞ்சையில் தனி ஆட்களுக்குத் தாம் கொடுத்த கடனுக்காக, வயலில் நிற்கும் பயிரின் மீது இன்னும் 72,000 பவுன் பாத்தியதை உண்டு என்றார். ஆக மொத்தம் 2,34,000 பவுன்!

சொற்பச் சம்பளக்காரரிடம் இவ்வளவு பணம் ஏது என்று கவர்னர் கேட்டார். பத்திரம் எங்கே, அத்தாட்சி எங்கே என்றும் கேட்டார். கவுன்சில் முதலில் பென்பீல்டின் கோரிக்கையைத் தள்ளியது. சில நாட்களில் பெரும்பான்மை அப்படியே மாறிவிட்டது. ஏன் மாறியது என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை.

மாலை வண்டி

கவுன்சிலின் பெரும்பான்மைத் தீர்மானத்துக்குக் கவர்னர் கட்டுப்பட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கட்டுப்பட முடியாது என்பது பிகட்டின் கட்சி. எதிர்த்த உறுப்பினர் இருவரை அவர் சஸ்பெண்டு செய்தார். மற்றவர்கள் ஒன்று கூடி, நாங்கள்தான் சர்க்கார் என்றார்கள்.

1776 ஆகஸ்டு 24. அன்று பகலெல்லாம் கர்னல் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி கவர்னருடனேயே இருந்தார். ஒரே மேஜையில் சாப்பிட்டார். மாலையில் ஒரே வண்டியில் ஏறிப் புறப்பட்டார்கள். வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட்டின் ஏற்பாடுதான் அது! சென்னைக் கவர்னரைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள்.

சேதி லண்டனுக்குப் போய், அங்கிருந்து பதில் வர வேண்டும். அந்தக் காலத்தில் கப்பல் போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகும். பிகட்டை மறுபடி பதவியில் வைக்கும்படி உத்தரவு பிறந்தது. அது இங்கே வந்து சேரும்போது அவர் இல்லை. 1777 மே 11ல் காவலிலேயே இறந்துவிட்டார். அவரைப் பிடித்தடைத்த கவுன்சிலர்கள் நால்வருக்கு 1780ல் லண்டன் கோர்ட்டு விதித்த தண்டனை என்ன தெரியுமா? ஆளுக்கு 1,000 பவுன் அபராதம்!

பென்பீல்டு என்ன ஆனார்? 1780ல் பார்லிமெண்டு மெம்பரே ஆகிவிட்டார். ஆனால் சேர்த்த செல்வம் நிற்கவில்லை. 1810ல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

கேட்காத கேள்வி

இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் பிகட்டுக்குப் பரிந்து பேசுவது வழக்கம். அவர் உத்தமரும் அல்ல. முதல் தடவை கவர்னராக இருந்துவிட்டுப் பெருஞ் செல்வத்தோடு ஊர் திரும்பியவர்தான். "பிகட் வைரம்" என்று அவர் பெயராலேயே ஒரு வைரம் உண்டு. இருந்தாலும், பென்பீல்டின் கணக்கில் அவர் கையெழுத்துப் போட மறுத்தது சரிதான் என்றே நானும் சொல்லுவேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவாப் பேசினார். மன்னர் பேசினார். கடன்காரர் பேசினார். கவுன்சில் பேசியது, டைரக்டர்கள் பேசினார்கள், பார்லிமெண்டும் பேசியது. நாற்று நட்டவன், நடவு நட்டவள், கதிர் அறுத்தவன்? அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை அவர்கள் நெல்லுக்காக, சண்டைக்காரர்கள் வேறு!

பிறகு 1799ல் எட்வர்டு கிளைவ் பிரபு கவர்னராக இருந்தபோது சரபோஜி மன்னருடன் கம்பெனி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கோட்டையும் சுற்றுப்புறமும் மன்னருக்கு, நாடு கம்பெனிக்கு. அப்போதும் குடியானவனைக் கேட்ட பேர் இல்லை.

அவனைக் கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது எப்போது? வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று ஆன பிறகு, 1952 தேர்தலில்தான்.

இரண்டு கவுன்சில்கள்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிகட்டை எதிர்த்த கவுன்சிலுக்குத் தஞ்சாவூரில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதன் உறுப்பினர்களைத் தஞ்சைக்காரன் தேர்ந்தெடுக்கவும் இல்லை, தூக்கி எறியவும் முடியாது. இன்று கவர்னருக்கு ஆலோசனை சொல்லும் மந்திரிசபை அப்படி அல்ல. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அது ஓரத்தநாட்டுக்கும் பேராவூரணிக்கும் வந்து கைகூப்பி நின்றாக வேண்டும்.

ஆகவே, 1776ல் கவுன்சிலை எதிர்த்த கவர்னர் செய்தது சரி என்றால், அதையே இன்று செய்யும் கவர்னரும் சரி என்று ஆகிவிடாது. அன்று கவுன்சிலுக்குப் பின்னால் கடன் பத்திரம் இருந்தது. இன்று மந்திரிசபைக்குப் பின்னால் ஓட்டுப் பெட்டி இருக்கிறது.

அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசிக்காதவர்கள் அல்ல. கவர்னரையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒரு ராஜ்யத்தில் ஓட்டு வாங்கிய கவர்னர் ஒருவர், ஓட்டு வாங்கிய முதல் மந்திரி ஒருவர் என்று இருந்தால் ஓயாத சண்டைதான் என்று கண்டு, 1949ல் மாற்றினார்கள். கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார். அவர் மந்திரிசபையின் யோசனைப்படி நடப்பார் என்று ஏற்பாடு. கவர்னருக்கு ஓட்டு இல்லை என்பதே, அவர் அதிகம் குறுக்கிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அப்படியானால் கவர்னர் வெறும் தாடிதானா? அப்படியும் இல்லை. அதற்கும் நம் ராஜ்யத்திலேயே சாட்சி இருக்கிறது.

1976 ஜனவரியில் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்தது கவர்னர் கே.கே.ஷாவின் அறிக்கை. 1991 ஜனவரியில் மறுபடியும் அதே கட்சியின் மந்திரிசபையைக் கலைக்க டில்லி நினைத்தது. அப்போது கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா. கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்ப அவர் இணங்கவில்லை. அவர் அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ராஜிநாமா செய்தார். 2004ல் அவரே மறுபடி தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்து 2011 வரை இருந்தார் என்பது பிற்காலச் சுவை.

பிகட்டுக்குப் பிறகு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிப் பதவியை இழந்த சென்னைக் கவர்னராக என் நினைவில் நிற்பவர் பர்னாலாதான். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். தமக்குச் சரியென்று படாத ஒன்றுக்குத் தம் பேனாவைக் கொடுக்க மறுத்தார்கள்.

ஒரு கையெழுத்தின் விலை

தஞ்சை ஜில்லாவுக்கே வருவோம். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கும் மசோதா 2020 பிப்ரவரி 20ல் சட்டசபையில் நிறைவேறியது. நிலத்தைத் துளைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் புதிய திட்டங்கள் அந்த மண்டலத்துக்குள் வரக் கூடாது என்பது அதன் நோக்கம். அப்போதைய கவர்னர் பன்வாரிலால் புரோகித் அந்த மாதத்திலேயே கையெழுத்துப் போட்டார், மசோதா சட்டமாயிற்று.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2020 முதல் 2023 வரை சட்டசபை நிறைவேற்றிய பத்து மசோதாக்கள் கையெழுத்துக் கிடைக்காமல் நின்றன. கவர்னர் ஆர்.என்.ரவி 2023 நவம்பரில் அவற்றைத் திருப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அவற்றை அவர் ஜனாதிபதிக்கு அனுப்பினார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரல் 8ல் அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிறகு ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் 2025 நவம்பரில் கருத்துச் சொன்னார்கள். கவர்னருக்குக் கோர்ட்டு கெடு விதிக்க முடியாது என்றார்கள். ஆனால் காரணம் இல்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் முடியாது என்றார்கள்.

கும்பகோணத்தில் ஒரு பல்கலைக் கழகம் வைக்க 2025 ஏப்ரலில் நிறைவேறிய மசோதாவையும் கவர்னர் ஜனாதிபதிக்கு அனுப்பினார். அந்த மசோதா நல்லதா கெட்டதா என்று இங்கே வாதாட நான் வரவில்லை. கெட்டது என்றால் காரணம் எழுதிச் சட்டசபைக்குத் திருப்பலாம். சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. மறுபடி நிறைவேறி வந்தால் ஒப்புக்கொள்ளலாம். ஆளும் கட்சி எது என்பதைப் பார்த்துப் பேனாவின் வேகம் மாறுகிறது என்று ஜனங்கள் நினைக்க இடம் தரலாமா? அதுதான் கேள்வி.

லஸ்கர் சொல்லும் பாடம்

கல்லணைப் பெரியவர் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். "லஸ்கர் ஷட்டரைத் தூக்கினால் போதும்" என்றார் அல்லவா?

கவர்னர் பதவிக்கு இதைவிட நல்ல உவமை கிடையாது. லஸ்கர் கையில் சாவி இருக்கிறது. ஆனால் தண்ணீர் அவருடையது அல்ல. முறைப்படி உத்தரவு வந்தால் திறக்க வேண்டும். ஷட்டரைப் பூட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டால் காய்வது கடைமடை. அதே சமயம், ராத்திரியில் ஒரு பெரிய புள்ளி வந்து, "எனக்கு மட்டும் கொஞ்சம் தூக்கிவிடு" என்று கேட்டால், முடியாது என்று சொல்ல வேண்டியதும் அதே லஸ்கர்தான். பிகட்டும் பர்னாலாவும் ராத்திரியில் வந்தவரிடம் முடியாது என்றார்கள். பகலில் முறைப்படி வந்த உத்தரவுக்குத் திறக்காமல் இருப்பது அந்த வீரத்தில் சேராது.

மேட்டூர்த் தண்ணீரில் ஒரு கவர்னரின் பெயர் இருக்கிறது. சென்னைக் கோட்டையின் சரித்திரத்தில் ஒரு கவர்னரின் சிறைவாசம் இருக்கிறது. இரண்டும் தஞ்சைக்காரன் வயலைச் சுற்றி நடந்தவை. அன்று யாரும் அவனைக் கேட்கவில்லை. இன்று ஓட்டுச் சீட்டில் அவன் பதில் சொல்லிவிட்டான். அந்தப் பதில் கிண்டியில் ஒரு மேஜை மீது பல மாதம் தூங்கக் கூடாது.

கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்!