காப்பி அடிச்சா என்ன?

களுதாவளையில ஒரு பொடியன் கிட்டார் வாசிக்க, அது வேற ஆரையாவது ஞாபகப்படுத்தினால் போதும், "காப்பி" எண்டு முடிச்சிருவம். ஆனால் கூத்துக் களரியில் அண்ணாவியார் ஆடிக்காட்டுறதை அச்சொட்டாகத் திருப்பி ஆடுறவனை "நல்லாப் பழகியிருக்கான்" என்று மெச்சுறம். களரிக்கு ஒரு நியாயம், கிட்டாருக்கு இன்னொண்டா?

ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கை எடுங்க. அவருடைய தாயின் உறவினர் புக்கா வைட், கம்பிகளின் மேல் ஸ்லைடை வழுக்கி வாசிப்பவர். அந்த இழுவைச் சத்தத்தில் கிங்குக்குப் பைத்தியம். ஆனால் ஸ்லைடு கைக்கு வரவில்லை. சரியென்று இடதுகை விரலைக் கம்பியில் அழுத்தி, நடுக்கி நடுக்கி அதே சத்தத்தைத் தேடினார். தேடினது கிடைக்கல்ல. கிடைச்சது, ஒரு சுரம் கேட்டாலே "இது கிங்" என்று சொல்லவைக்கிற அந்த நடுக்கம். பிறகு எத்தனையோ பேர் அதைப் பார்த்துப் பழகினாங்க.

எனக்குக் கோவம் வாறது பெயரை மறைக்கிறவங்கட மேல. 1969இல் லெட் செப்பலின் வெளியிட்ட 'ஹோல் லொட்டா லவ்' பாட்டு, வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடின பாட்டிலிருந்து வரிகளை எடுத்தது. டிக்சனுடைய பெயர் மட்டும் இல்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1987இல் இணக்கத்துக்கு வந்த பிறகுதான் பெயர் ஏறியது. அதுக்குப் பெயர் களவு.

யூடியூப்பில் 'கவர்' போடுற எங்கட ஆக்களும் கீழ ஒரு வரி போடலாம், இது ஆருடைய பாட்டு, ஆரைக் கேட்டுப் பழகினது எண்டு. அதுக்கு டேட்டா ஒண்டும் கூடப் போகாது.